தலவில அன்னம்மாள் திருவிழாவும் நேர்த்திக்கடனும்

புத்தளம் மாவட்டத்தின் வரைபடத்தை நோக்குவோர், மேற்கே பெருங்கடலுக்கும் கிழக்கே புத்தளக் களப்புக்கும் இடையில் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு நிலக்கீற்றைக் காண்பர். அதுவே கற்பிட்டிக் குடாநாடு. பாலாவிச் சந்தியிலே கொழும்புப் பெருந்தெருவை விட்டு இடப்புறம் திரும்பி, உப்பளங்களையும் தென்னந்தோட்டங்களையும் கடந்து செல்பவர், கற்பிட்டிப் பட்டினத்தை அடையுமுன்னரே கடலோரமாய் அமைந்த ஒரு பரந்த மணல்வெளியையும், மரங்களின் நிழலிலே அமைந்த ஒரு பழைய தேவாலயத்தையும் சந்திப்பார். அவ்விடத்தின் பெயர் தலவில. ஆண்டின் பெரும்பகுதியில் அங்குக் காற்றின் ஓசையும் அலையின் ஓசையும் அன்றி வேறு ஓசை மிகுதியாக இராது. ஆயின் மார்ச்சு மாதத்தில் ஒருமுறையும் ஆகஸ்டு மாதத்தில் ஒருமுறையும் அந்த மணல்வெளி ஒரு நகரமாகிவிடுகிறது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு ஆகிய இடங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து கூடுகின்றனர். அர்ச்சியசிட்ட அன்னம்மாளுக்கு எடுக்கப்படும் திருவிழா அது.

இவ்விரண்டினுள் ஆகஸ்டுத் திருவிழாவே பெரிது. அக்காலம் சோளகக் காற்று வலுத்து வீசும் காலம். மேற்குக் கரையிலே கடல் கொந்தளித்துக் கிடக்கும். வள்ளங்கள் பல கரையேற்றப்பட்டிருக்கும். மேற்குக் கரையின் மீனவர் குடும்பங்கள் பல, அப்பருவத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாடி அமைத்துத் தொழில் செய்யப் புறப்பட்டுவிடும் வழக்கமும் உண்டு. கையிலே வருவாய் குறைந்திருக்கும் நாள்களில்தான் இவ்விழா வருகிறது. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த பின்னர் நன்றி கூறுவது உழவர் உலகின் இயல்பு. தைப்பொங்கல் அத்தகையது. தலவிலவின் நன்றியோ வெறுங்கையோடு வந்து செலுத்தப்படும் நன்றி. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் இத்திருத்தலத்தின் வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அன்னம்மாள் என்பவர் யார்? மரியாளின் தாய், இயேசு நாதரின் பாட்டி. வியப்பு என்னவெனில், நான்கு நற்செய்தி நூல்களில் எதிலும் அவர் பெயர் காணப்படுவதில்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்ததும், திருச்சபை தன் வேதாகமத் தொகுதியிலே சேர்த்துக்கொள்ளாததுமான ஒரு பழைய நூலிலிருந்தே அவர் வரலாறு அறியப்படுகிறது. நெடுங்காலம் பிள்ளைப்பேறு இன்றி வருந்திய சுவக்கீனும் அன்னம்மாளும், முதுமையிலே ஒரு பெண் மகவைப் பெற்று, அக்குழந்தையை இறைவனுக்கே காணிக்கையாக்கினர் என்பது அவ்வரலாறு. பிள்ளையில்லாப் பெண்டிர் அவரை நாடுவதன் காரணம் இதனால் விளங்கும். கடலோடிகள் அவரை ஏன் நாடினர் என்பது அத்துணை எளிதில் விளங்குவதன்று. எனினும் பிரான்சு தேசத்தின் பிரித்தானிக் கரையில் வாழும் மாலுமிகளுக்கு அன்னம்மாளே பாதுகாவலி. அவர்கள் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, கியூபெக்கிற்கு அண்மையிலே சென் லோரன்சு ஆற்றின் கரையில் 1658-ஆம் ஆண்டு அவருக்கு ஒரு கோயில் எழுப்பத் தொடங்கினர். இன்று பெரும் யாத்திரைத் தலமாக விளங்கும் போப்பிரே அன்னம்மாள் ஆலயத்தின் தொடக்கம் அது.

அதே 1658-ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்தது வேறு. மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தன. கொழும்பு அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே வீழ்ந்துவிட்டது. சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் தீவினின்று வெளியேற்றினர். குரு ஒருவருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. கற்பிட்டியும் விரைவில் அவர்கள் வசமாயிற்று. அங்கே 1667-ஆம் ஆண்டில் தொடங்கி 1676-ஆம் ஆண்டளவில் முடித்த கோட்டை இன்றும் நிற்கிறது. களப்பின் வாயிலைக் காப்பதும், கண்டி அரசனின் வெளிநாட்டு வாணிகத்தை அடைப்பதும் அக்கோட்டையின் நோக்கம்.

இங்கு ஒரு பூகோள உண்மையைக் கருத வேண்டும். களப்பின் மேற்குக் கரையாகிய கற்பிட்டி ஒல்லாந்தருக்குரியது. கிழக்குக் கரையாகிய புத்தளமோ கண்டி அரசனுக்குரியது. 1766-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்குக் கையளிக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. ஆகவே, ஒரு கரையிலே பூசை காண்பது குற்றம்; சில நாழிகை தோணி வலித்து மறுகரையை அடைந்தால் அது குற்றமன்று. ஐரோப்பாவில் மதப்போர்களால் எல்லை வகுத்துக்கொண்ட அரசுகளின் கதையைப் படிப்போர், ஒரு களப்பின் இரு கரைகளில் அதே கதை நடந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தக் களப்பின் கிழக்குக் கரைக்கு ஒரு பண்டிகை நாளின் துயரம் ஒரு மனிதரைக் கொணர்ந்தது. கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் முனிவர் 1687-ஆம் ஆண்டிலே கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் மறைவாகக் குருத்துவப் பணி ஆற்றிக்கொண்டிருந்தார். 1689-ஆம் ஆண்டின் நத்தார் இரவு வந்தது. கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்த அதிகாரியின் படைவீரர் சூழ்ந்து பிடித்தனர். பலர் சிறைப்பட்டனர், கத்தோலிக்கராக மாறியிருந்த ஒருவர் அடியினால் உயிர் நீத்தார். முனிவர் தப்பினார். 1690-ஆம் ஆண்டளவில் அவர் வந்து சேர்ந்த இடம் கண்டி அரசனின் எல்லைக்குட்பட்ட புத்தளம். அங்கிருந்தே 1692-ஆம் ஆண்டிலே கண்டிக்குப் புறப்பட்டார்; ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் சிறையிடப்பட்டார்; பின்னர் அரசனின் நன்மதிப்பைப் பெற்றார். 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கண்டியிலே காலமானார். பாப்பரசர் பிரான்சிசு 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் வருமுன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்நாட்டுக் கத்தோலிக்கர் குருமார் இன்றியே வாழ்ந்தனர். ஒரு தலைமுறை பிறந்து வளரும் காலம் அது. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. தந்தையார் சொல்லிக் கொடுத்த செபங்களும், தாய்மார் ஏற்றிய விளக்குமே எஞ்சியிருந்தன. பிற்காலத்திலும் குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து போனார். இடைப்பட்ட மாதங்களில் செபம் சொல்லுவித்தவர்கள் அண்ணாவிமாரும் மூப்பர்மாருமே. திருச்சபை வரலாறுகள் ஆயர்களின் பெயர்களையும் துறவிகளின் பெயர்களையும் நிரல்படத் தருகின்றன. இந்த அண்ணாவிமாரின் பெயர்களை அவ்வாறு எவரும் நிரல்படுத்தவில்லை. அது நன்றியுணர்வில் நேர்ந்த ஒரு குறையென்றே சொல்லவேண்டும்.

அவர்கள் கையிலே ஏடும் தாளும் கொடுத்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். 1705-ஆம் ஆண்டிலே கோவாவிலிருந்து வந்த இவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் இவரதே. குரு இல்லாத ஊரில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் பிரசங்கம் நடைபெறும் என்ற நிலையை இவர் எழுத்து உண்டாக்கிற்று. 1742-ஆம் ஆண்டிலே இவர் காலமான பொலவத்தை, இதே புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது.

தலவிலவின் தோற்றக் கதை இந்தப் பின்னணியிலேதான் பொருள் பெறுகிறது. கதை ஒன்றன்று, இரண்டு. ஒன்றின்படி, வறுமையுற்ற போர்த்துக்கேயன் ஒருவன் பிழைப்புத் தேடி மன்னாரிலிருந்து கொழும்புக்குக் கரை வழியே நடந்தான். எண்ணியது கைகூடாமல் திரும்பி வருகையில், தலவிலவில் ஒரு பெருமரத்தடியிலே களைத்து உறங்கினான். கனவில் ஒளி சூழ்ந்த அன்னம்மாளின் உருவத்தைக் கண்டு, அம்மரத்தடியிலேயே சிறு கோயில் ஒன்றை அமைத்தான். மற்றக் கதையின்படி, கப்பலுடைந்து இக்கரையில் ஒதுங்கிய ஐரோப்பிய வணிகன் ஒருவன், தான் காப்பாற்றி வந்த அன்னம்மாள் உருவத்தை ஆலமரத்தடியில் வைத்து, தன் வாணிகம் மீண்டும் செழித்தால் வந்து கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டான். வாணிகம் செழித்தது, அவனும் சொன்ன சொல் தவறாது திரும்பி வந்தான்.

வரலாற்று ஆசிரியன் இவற்றை ஆவணங்களாகக் கொள்ள இயலாது. இரண்டாவது கதையை ஒத்தது வேளாங்கண்ணியிலும் வழங்குகிறது. மக்காவோவிலிருந்து இலங்கைக்கு வரும் வழியிலே புயலிற் சிக்கிய போர்த்துக்கேய வணிகர், கரை சேர்ந்தால் கோயில் கட்டுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டனர் என்பது அக்கதை. கடலோரத் தலங்கள் பலவற்றிற்கு இத்தகைய பிறப்புக் கதைகள் உண்டு. ஆயினும் மக்கள் எந்தக் கதையைப் போற்றி வைத்திருக்கின்றனர் என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தியே. தலவிலவின் இரண்டு கதைகளிலும் அற்புதம் சிறிது, நன்றிக்கடன் பெரிது. சிறப்பாக முதற்கதையை நோக்குக. அவ்வழிப்போக்கன் தேடிச் சென்ற பிழைப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை. தோற்றுத் திரும்பியவன் எதற்காகக் கோயில் கட்டினான்? அவனுக்குக் கிடைத்தது ஓர் உறக்கமும் ஒரு கனவும் மட்டுமே. அதற்கே அவன் நன்றி செலுத்தினான் என்று மக்கள் சொல்லி வந்திருக்கின்றனர்.

ஒல்லாந்தர் ஆட்சி 1796-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. கற்பிட்டிக் கோட்டை அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆங்கிலேயர் வசமாயிற்று. தேசாதிபதி மெயிற்லாந்து 1806-ஆம் ஆண்டிலே கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். இதன் பின்னரே தலவிலவில் பெரிய ஆலயம் எழுப்ப வழி பிறந்தது. இன்றுள்ள ஆலயம் 1837-ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று 1843-ஆம் ஆண்டிலே நிறைவேறியது. முதிரை மரத் தூண்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. அதன் முகம் கடலை நோக்கியிருக்கிறது. 1847-ஆம் ஆண்டு முதல் அமலமரித் தியாகிகள் சபைத் துறவிகள் இலங்கைக்கு வந்தனர். அவர்களுட் பலர் பிரான்சு நாட்டினர். அன்னம்மாள் பக்தி ஆழ வேரூன்றிய நாடு அது.

அக்காலத்து யாத்திரை எளிதன்று. மாட்டு வண்டிகள் இரவெல்லாம் மணற்பாதையில் ஊர்ந்தன. தெற்கிலிருந்து வந்தோர் சிலர் கால்வாய் வழியே படகில் வந்தனர். கறுவாவும் பாக்கும் ஏற்றிச் செல்வதற்காக ஒல்லாந்தர் பேணிய அதே கால்வாய், அவர்கள் தடைசெய்த வழிபாட்டுக்கு மக்களை ஏற்றிச் சென்றது. வரலாறு சில வேளைகளில் இவ்வாறு நகைக்கும். 1916-ஆம் ஆண்டு சிலாபத்துக்கும் 1926-ஆம் ஆண்டு புத்தளத்துக்கும் புகையிரதப் பாதை வந்தபின் வழி சுருங்கிற்று. 1939-ஆம் ஆண்டிலே சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று; தலவிலவும் அதனைச் சார்ந்தது. வந்தவர்கள் கிடுகுக் கொட்டில்களிலும் மரநிழல்களிலும் தங்கினர். மணலிலே அடுப்பு மூட்டினர். பக்கத்துக் கொட்டிலாருடன் உப்பும் மிளகாயும் மாற்றிக்கொண்டனர். ஒன்பது நாள்கள் அயலவராயிருந்து, மறு ஆண்டு அதே மரத்தடியில் மீண்டும் சந்தித்துக்கொண்ட குடும்பங்கள் பல.

இம்மக்களின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோரக் கத்தோலிக்கருள் முன்னைத் தலைமுறையினர் பலருக்குத் தமிழே வீட்டுமொழியாயிருந்தது. பள்ளிக் கல்வி சிங்களத்தில் அமைந்தமையால் பேரப்பிள்ளைகளின் பேச்சு மாறிற்று. பேச்சு மாறிய பின்னும் செபத்தை உடனே மாற்றிக்கொள்ள மனம் வராத முதியோர் இருந்தனர். தலவிலவிலே இரு மொழிகளிலும் பூசையும் பிரசங்கமும் நடைபெறுகின்றன. ஒரே குடும்பத்தில் பாட்டி ஒரு மொழியிலும் பேர்த்தி வேறொரு மொழியிலும் அன்னம்மாளை அழைப்பது அங்கே புதுமையன்று.

நேர்த்திக்கடனைப் பற்றி எழும் வினா பழையது. கடவுளோடு செய்துகொள்ளும் வாணிக உடன்படிக்கை அன்றோ அது என்று கேட்போர் உண்டு. ஒல்லாந்தப் போதகர்கள் கேட்டனர். படித்த கத்தோலிக்கரும் கேட்கின்றனர். பிள்ளை பிறந்தால் வெள்ளித் தொட்டில், கால் குணமானால் வெள்ளிக் கால், மீன் பட்டால் மெழுகுதிரி என்று கணக்கிடுவது பக்தியா, பேரமா? வினா நியாயமானதே. சிலர் செய்வது பேரமாகவே இருப்பதையும் மறுப்பதற்கில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதனை ஆராய்ந்துள்ளார். மனிதன் நேர்ந்து கொடுப்பதனால் இறைவனுக்கு ஆகும் பயன் ஒன்றுமில்லை; கொடுப்பவனின் உள்ளமே அதனால் உறுதிப்படுகிறது என்பது அவர் முடிபு. கத்தோலிக்க வழிபாட்டின் நடுநாயகமாகிய நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயருக்கே நன்றி செலுத்துதல் என்பதுதான் பொருள். கேட்டுப் பெறுவதைக் காட்டிலும், பெற்றதை நினைத்துத் திரும்பி வருவதையே அப்பெயர் முன்னிறுத்துகிறது. குணமடைந்த பத்துக் குட்டரோகிகளுள் ஒருவனே திரும்பி வந்தான் என்றும், அவன் அயலினத்தான் என்றும் லூக்காவின் நற்செய்தி கூறுவதை நேயர் அறிவர். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கியதையும் அறிவர்.

ஆயினும் பேரமா அன்றா என்பதை நூல்களைக்கொண்டு தீர்ப்பதிலும், விழாவிற்கு வருவோரைக்கொண்டு தீர்ப்பதே தகும். பேரமாயின், பெறாதவன் வரமாட்டான். தலவிலவிலே பெறாதவர்களும் வருகின்றனர். கடலுக்குச் சென்று திரும்பாத கணவனுக்காக நேர்ந்துகொண்ட பெண், நேர்த்தி பலியாத பின்னும் மறு ஆண்டு பிள்ளைகளோடு வந்து, அதே மெழுகுதிரியை ஏற்றுகிறாள். மீன்பிடி ஊர்களிலே இது அரிய காட்சியன்று. அவள் எதற்காக நன்றி கூறுகிறாள் என்று கேட்டால், கற்ற குருவானவரும் விடை கூறத் தயங்குவார்.

2019-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பும் நீர்கொழும்பும் தலவிலவுக்குத் தலைமுறை தலைமுறையாக யாத்திரிகரை அனுப்பிவந்த ஊர்கள். பண்டிகை நாளிலே, நன்றிப் பூசையின் நடுவிலே நேர்ந்த சாவு அது. 1689-ஆம் ஆண்டின் நத்தார் இரவைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு கொடியது. அடுத்து வந்த மே மாதத்தில், குற்றத்தோடு யாதொரு தொடர்புமில்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் புத்தளம் மாவட்டத்தின் தெற்கிலும் அயல் மாவட்டங்களிலும் தாக்கப்பட்டன. இம்மாவட்டத்திலேயே ஒருவர் கொல்லப்பட்டார். அண்டையார் மீது கை நீட்டுவதைத் தடுக்கும்படி ஆயர்கள் வேண்டிக்கொண்டனர்.

இக்கரையின் மக்கள் அண்டையாரை ஏற்றுக்கொண்ட நாளும் உண்டு. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் பலர் படகுகளிலே வந்திறங்கியது கற்பிட்டிக் கரையில்தான். உடுத்த துணியோடு வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் தென்னந்தோட்டங்களும் இடமளித்தன. உடைமை இழந்து கடல்வழி வந்து கரை சேர்ந்தவன் ஒருவனைப் பற்றிய கதையை நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த கரை அது. அவர்கள் எவரும் ஆலமரத்தடியில் கோயில் கட்டவில்லை; அவர்களைப் பற்றிக் கதையும் வழங்கவில்லை. பலர் பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர்.

போர் நடந்த ஆண்டுகளிலே, வில்பத்துக் காட்டினூடே மன்னாரையும் புத்தளத்தையும் இணைத்த பழைய வழி அடைபட்டுக் கிடந்தது. அந்த வறிய போர்த்துக்கேயன் நடந்ததாகக் கதை கூறும் வழி ஏறத்தாழ அதுவே. வடக்கின் யாத்திரிகர் பலர் தம் ஊர்ச் சிற்றாலயங்களிலேயே அன்னம்மாளுக்கு விளக்கேற்றி நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. 2009-ஆம் ஆண்டின் பின் அவர்கள் மீண்டும் வரத் தொடங்கினர். வந்தவர்கள் கண்ட புதுமை ஒன்று, தெற்கே நுரைச்சோலையில் எழுந்திருந்த அனல் மின்னிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி. அத்திட்டம் பேசப்பட்ட காலத்திலேயே திருத்தலத்தின் அமைதி கெடும், மீன்வளம் குன்றும் என்று கத்தோலிக்க மக்களும் சிலாபம் மறைமாவட்டமும் எதிர்த்தனர்; பல ஆண்டுகள் அது தள்ளிப்போயிற்று. முடிவிலே 2011-ஆம் ஆண்டு முதற் பகுதி இயங்கத் தொடங்கியது. விழா மைதானத்தின் மின்விளக்குகள் அந்த மின்சாரத்தால் எரிவதாகவும் இருக்கலாம்.

விழாவின் இறுதி நாளிலே கூட்டுத் திருப்பலி முடிந்ததும் அன்னம்மாளின் திருவுருவம் மக்கள் நடுவே பவனியாக எடுத்துச் செல்லப்படும். கைக்குழந்தைகளைத் தோளுக்கு மேல் உயர்த்திக் காட்டும் தந்தையர் பலர். ஆசீர் வழங்கப்பட்டபின், கடலிலே கால் நனைத்துவிட்டு மக்கள் புறப்படுவர். மாலைக்குள் கொட்டில்கள் பிரிக்கப்படும்; கிடுகுகள் அடுக்கப்படும்; அடுப்புக் கற்கள் மட்டும் மணலில் எஞ்சியிருக்கும். சோளகம் தணிய இன்னும் சில கிழமைகள் செல்லும். அதன்பின் வள்ளங்கள் மீண்டும் நீரில் இறங்கும்.